மாப்பிள்ளைக்கு ஒரு சுவிஸ் வாட்ச்

1

ஆசிரியர் கடிதம் போட்டிருக்கிறார். "பினாங்கில் சுவிஸ் கைக்கடிகாரம் கொள்ளை மலிவு என்கிறார்கள். நீங்களும் நாலைந்து சேர்த்து வைத்திருப்பதாகக் கேள்வி. புதிதாக வாங்கிச் சேர்க்க ஆசைப்படும் நம் வாசகருக்கு, அதிகம் செலவில்லாமல் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று எழுதுங்களேன்" என்று கேட்கிறார். நல்ல மனிதர். யாரோ அவருக்குத் தப்பான ஆளைக் கைகாட்டி விட்டிருக்கிறார்கள்.

நான் பினாங்குக்கு வந்து இந்தத் தையோடு பதினான்கு வருஷம். கப்பல் கம்பெனி ஒன்றின் கிடங்கில் குமாஸ்தா. மூட்டைகள் வரும், எண்ணுவேன். மூட்டைகள் போகும், எண்ணுவேன். குடியில்லை, சீட்டில்லை, சினிமாவும் அபூர்வம். ஒரு மனிதனுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு வேண்டுமல்லவா, எனக்குக் கைக்கடிகாரம் வாய்த்தது. வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் பஞ்சு விரித்து ஐந்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றுக்கும் சாவி கொடுத்து வரிசையாக வைத்துப் பார்ப்பேன். என் மனைவி பார்வதி புத்தூர்க்காரி. "மணி ஒண்ணுதான் ஆவுது, அத்த அஞ்சு வாட்சுல இன்னா பாக்கறீங்க" என்பாள். நான் அடுத்ததற்குச் சாவி கொடுப்பேன்.

2

சரி, கேட்டதற்கு எழுதிவிடுகிறேன்.

முகப்பில் ஆறு மணிக்குக் கீழே எறும்பு எழுத்தில் சுவிஸ் தயாரிப்பு என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். அதைக் கண்ணால் பாருங்கள். கடைக்காரர் வாயால் சொல்வதைக் கேட்காதீர்கள். அடுத்தது கல். உள்ளே சுழலும் அச்சுகளின் முனை தேயாமலிருக்கச் சின்னச் சின்னச் சிவப்புக் கல் பதித்திருப்பார்கள். சாவி கொடுக்கிற கடிகாரத்துக்குப் பதினைந்து, பதினேழு கல் தாராளம். இருபத்தைந்து கல் என்று முகப்பில் கொட்டை எழுத்தில் இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வாருங்கள். வேலை இல்லாத கல்லை எண்ணிக்கைக்காக ஒட்டியிருப்பார்கள்.

பொன்முலாம் வேண்டாம். நம் வேர்வைக்கு இரண்டு கோடை தாங்காது, மூலையில் பித்தளை பல்லிளிக்கும். எஃகு வாங்குங்கள். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்கத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள். திருகாணித் தலைகள் வழித்தெடுத்த மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும். காதில் வைத்துக் கேளுங்கள், நிமிர்த்தி, கவிழ்த்து, சாய்த்து. எப்படி வைத்தாலும் ஓட்டம் மாறக் கூடாது. உங்கள் ஊரில் யார் பழுது பார்ப்பார், உதிரி கிடைக்குமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். கண்ணாடிப் பெட்டியில் வருஷக்கணக்கில் படுத்துக் கிடந்த புதுக் கடிகாரத்தில் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். வாங்கிய கையோடு ஒரு நல்ல ரிப்பேர்காரரிடம் கொடுத்துப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள். அவர் முடித்ததும் பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் தன் அடையாளத்தையும் தேதியையும் கீறிவைப்பார். கடைசியாக எப்போது பிரித்தோம் என்று பிறகு தெரிவதற்காக. எல்லா ஊர் ரிப்பேர்காரரும் செய்வதுதான்.

இதுவரை எழுதியதில் ஒரு வரி பொய்யில்லை. இத்தனையும் சரியாகச் செய்துதான் என் தங்கையின் எட்டு மாதத்தை நாசம் செய்தேன்.

3

எங்கள் ஊர் வரதய்யபாளையத்துக்குப் பக்கம். நைனாவுக்குக் கொஞ்சம் நிலம், மணிலாக்கொட்டையும் கேழ்வரகும். எனக்குப் பிறகு பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவள் தேசம்மா. அவளுக்குத் திருப்பதியில் இடம் அமைந்தது. மாப்பிள்ளை கோபால் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. அவர் அப்பா ரேணிகுண்டாவில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் அவர் கார்டு மாமா. தமிழ்க் குடும்பந்தான். ஆனால் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபின் கோபால் தெலுங்குப் பரீட்சை எழுதித் தேறி, வேலை உறுதியாகிவிட்டது. எங்கள் ஊர் அப்போது சென்னை ராஜ்யத்தில் இருந்தது. எல்லை எந்தப் பக்கம் விழுமோ என்று எங்கள் ஆட்கள் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அக்கரையில் வேலை உறுதியான மாப்பிள்ளை என்றால் சும்மாவா?

கார்டு மாமா பெருந்தன்மையாகத்தான் பேசினாராம். நைனா எழுதச் சொல்லி வந்த கடிதத்தில் அவர் பேச்சு அப்படியே இருந்தது. "பணங்காசு எங்களுக்கு வாணாம். மச்சான் பினாங்குல கீறாரு. பையன் கைக்கி ஒரு ஃபாரின் வாட்சு, அவ்ளோதான்."

மச்சான் மாப்பிள்ளை கையில் கடிகாரம் கட்டுவது எங்கள் பக்கத்தில் தாலிக்கு அடுத்தபடி. என்னைப் போன்ற கிறுக்கனிடம் அதைக் கேட்டால் எப்படியிருக்கும்? கடையில் இரண்டு கடிகாரத்தை வெல்வெட் துணிமேல் எடுத்து வைத்தார்கள். ஒன்று பொன்முலாம், பொன்முலாம் பூசிய சங்கிலி, முகப்பில் இருபத்தைந்து கல். "ஊருக்குக் கொண்டு போகிறவர்கள் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்றார் கடைக்காரர். நான் சிரித்துவிட்டேன். மற்றது எஃகு, வெள்ளை முகப்பு, பதினேழு கல், தோல் வார். அதை எடுத்தேன். கண்ணாடிப் பெட்டியில் இரண்டு வருஷம் இருந்தது என்று தெரிந்ததும், நடைபாதையில் மேசை போட்டிருக்கும் ஒரு சீன ரிப்பேர்காரரிடம் கொடுத்தேன். எனக்கென்று வாங்கிய எதையும் அவ்வளவு பார்த்துச் செய்ததில்லை.

அடுத்தது சுங்கம். பெட்டியில் இருந்தால் வரி, கையில் கட்டியிருந்தால் சொந்த உபயோகம். அதுவும் பளபளவென்று இருந்தால் அதிகாரி கண்ணில் படும். ஆகவே இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குக் கொண்டு போகிற கடிகாரத்தை மூன்று மாதம் முன்பே கையில் கட்டி, வேலைக்குப் போட்டுப் போய், கொஞ்சம் பழசாக்கிவிடுவது. கப்பலில் பார்த்தால் ஒவ்வொருவன் கையிலும் வேறு யாரோ மாப்பிள்ளையின் கடிகாரம். நானும் கட்டினேன். மூட்டைகளுக்கு நடுவே போய்வந்ததில் கடிகாரத்தின் ஓரத்தில் மயிரிழைக் கீறல்கள் நாலைந்து விழுந்தன. சென்னைத் துறைமுகத்தில் அதிகாரி என் மணிக்கட்டைத் தொட்டு, "எவ்வளவு நாளா கட்டறீங்க?" என்றார். "மூணு மாசமா சார்" என்றேன், உண்மைதானே. வெளியே வந்து புது வார் வாங்கி மாட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

4

வைகாசியில் திருப்பதிச் சத்திரம் ஒன்றில் கல்யாணம். மாப்பிள்ளை கையில் கட்டினேன். கார்டு மாமா கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிம்ப்பிளா கீது" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை தேசம்மா என்னிடம், "நல்லதாண்ணா? அவங்களுக்குப் புடிக்குமா?" என்று கேட்டாள். நான் அவளை உட்கார வைத்துப் பதினேழு கல் எங்கெங்கே இருக்கிறது என்று விளக்கினேன். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். "சரிண்ணா" என்று எழுந்து போனாள். அடுத்த வாரம் நான் கப்பல் ஏறிவிட்டேன்.

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஆடி முடிந்தால் மாப்பிள்ளை வீட்டார் வந்து அழைத்துப் போக வேண்டும். ஆவணி முதல் வாரம் யாரும் வரவில்லை. இரண்டாம் வாரமும் வரவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, கடிதம் இல்லை. யாரும் வரவில்லை, அவ்வளவுதான். நைனா பொறுத்துப் பார்த்துவிட்டு பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போனார்.

கார்டு மாமா காபி கொடுத்து உபசரித்தபின், மேசை இழுப்பறையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். கல்லை எண்ணிப் பார்ப்பதற்காகத்தான் முதலில் திறந்தாராம். பக்கத்து வீட்டு மருமகன் கடிகாரத்தில் இருபத்தைந்து. இதில் பதினேழு. போகட்டும் என்று மூடப்போனவர் கண்ணில் மூடியின் உட்புறம் பட்டிருக்கிறது.

"இத்த பாருங்க சம்பந்தி" என்றாராம். "இது கீறல் இல்ல, ரிப்பேருக்காரன் கையெழுத்து. புதுசுக்கு ரிப்பேரு எதுக்கு? முப்பது வருசம் ரயில்ல வாட்சு பாத்தே சோறு துன்னவன் நானு. உங்க புள்ள கட்டி அவுத்தத எம்புள்ள கையில கட்டிட்டாரு."

"அப்பிடி செய்ற புள்ள இல்லீங்க அவன்" என்றாராம் நைனா.

"அப்ப ஓரத்துல இந்தக் கீறலு எப்பிடி வந்திச்சி, நீங்களே சொல்லுங்க."

நைனா பஸ் ஏறி ஊர் திரும்பினார். நடந்ததையெல்லாம் ஊர் வாத்தியாரைக் கொண்டு எனக்கு எழுதினார். நீ செய்தது சரியோ தப்போ, இன்னொன்று வாங்கி அனுப்பிவிடு, பெண் வீட்டோடு இருக்கிறாள் என்று. கடைசியில் தன் பேச்சாக நாலே வரி.

கார்டு மாமா மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது என்று சொல்லி முடியாது. இப்போது நினைத்தால் அவர் கணக்கில் பிசகே இல்லை. திருப்பதியில் புதுக் கடிகாரத்தைப் பிரித்து எண்ணெய் போடுகிறவன் எவன்? கட்டி அவிழ்த்தது என்றார். கட்டி அவிழ்த்ததுதானே.

5

ஒரு கடிகாரத்தை வாங்கி அனுப்பியிருக்கலாம். பார்வதி அதைத்தான் சொன்னாள். "இன்னொண்ணு அனுப்பிட்டு போங்க. நீங்க ஜெயிச்சி இன்னா ஆவப்போவுது?" ஆனால் அனுப்பினால் முதலாவது பழையது என்று நானே ஒப்புக்கொண்டதாகும் என்று எனக்குப் பட்டது. சேகரிப்பவன் என்ற கௌரவம் வந்து குறுக்கே நின்றது.

ஆகவே கார்டு மாமாவுக்குக் கடிதம் எழுதினேன். நாலு பக்கம். சுங்கத்தை ஏமாற்ற மூன்று மாதம் கட்டினேன் என்று எழுத முடியாது. மாப்பிள்ளை சர்க்கார் உத்தியோகம், கடிதம் யார் கையில் சிக்குமோ. அந்த உண்மையை விட்டுவிட்டதால், மீதி எல்லாவற்றையும் எழுதினேன். எண்ணெய் ஏன் காய்கிறது, எத்தனை வருஷத்தில் காய்கிறது, அடையாளம் கீறும் வழக்கம் ஐரோப்பாவில் எப்படி, கிழக்கே எப்படி, பதினேழுக்கு மேல் கல் வைப்பது எப்படிப்பட்ட மோசடி. "தங்களுக்கு இந்தத் துறையில் பழக்கம் போதாது என்பதால் இவ்வளவு விவரிக்க நேர்ந்தது" என்று ஒரு வாக்கியம். முப்பது வருஷம் கடிகாரம் பார்த்து ரயில் விட்ட மனிதருக்கு.

தபாலில் போடுமுன் கிடங்கில் இரண்டு சிநேகிதர்களுக்கு வாசித்துக் காட்டினேன். வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்று மெச்சினார்கள். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பதில் வரவில்லை. ஐப்பசி வந்தது. தலை தீபாவளி, மாப்பிள்ளை இல்லாத தலை தீபாவளி. வாங்கி வைத்த வேட்டி பெட்டியிலேயே இருந்தது என்றும், தேசம்மா விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப்புடவை கட்டாமல் பழையதையே கட்டிக்கொண்டாள் என்றும் நைனா எழுதச் சொல்லியிருந்தார். அதைப் படித்தும் நான் அசையவில்லை. கார்டு மாமாவின் பதிலை எதிர்பார்த்தேன். அவர் தோற்றுப்போனதாக எழுதுவார் என்று நிஜமாகவே நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

பொங்கல் கழிந்த வாரம் பார்வதி பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், பேச மாட்டாள். மூன்றாம் நாள் நான் அதே கடைக்குப் போய் அதே பொன்முலாம், அதே இருபத்தைந்து கல், அதே சங்கிலியை வாங்கினேன். பின்மூடியைத் திறக்கச் சொல்லவில்லை. ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து, "கட்டாதீங்க. அட்டைப் பெட்டியோடு காட்டி வரி கட்டிடுங்க. ரசீதை மட்டும் பத்திரமா கொண்டு போய்க் குடுங்க" என்றேன்.

மாசியில் கார்டு மாமாவும் கோபாலும் வெற்றிலைபாக்கு, பழத்தட்டோடு எங்கள் ஊருக்கு வந்து தேசம்மாவை அழைத்துப் போனார்கள். ஆடியிலிருந்து மாசிவரை எட்டு மாதம்.

6

அதற்குப்பின் மூன்று வருஷம் நான் ஊர்ப்பக்கம் போகவில்லை. போகவைத்தது பாஸ்போர்ட். புதுப்பிக்கக் கொடுத்த விண்ணப்பம் திரும்பி வந்தது. பிறந்த ஊர் செங்கல்பட்டு ஜில்லா, சென்னை ராஜ்யம் என்று எழுதியிருந்தேன். இடையில் எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணியைச் சென்னைக்குக் கொடுத்து எங்கள் பக்கத்தை ஆந்திராவுக்கு வாங்கிக்கொண்டார்கள். இப்போது எந்த ஜில்லா, அத்தாட்சி என்ன என்று கேள்வி. இங்குள்ள இந்திய ஆபீசில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் கேட்டார், "நீங்க ஆந்திராவா, மெட்ராஸா?" பதினான்கு வருஷமாக வெளியே இருக்கிறவனை, எந்த வீட்டைவிட்டு வெளியே இருக்கிறாய் என்று கேட்கிற மாதிரி இருந்தது. என் மகள் செல்வி பக்கத்தில் நின்றிருந்தாள், பதினோரு வயது. "நாம பினாங்குதானேப்பா" என்றாள். அவள் அத்தைக்குக் கடிதம் எழுதச் சொன்னால் இங்கிலீஷில் எழுதுகிறாள். தமிழ் எழுத்தில் பாதி அவளுக்கு மறந்துவிட்டது. அதற்கும் நானே பொறுப்பு.

அத்தாட்சி வாங்க நான் நேரில் போனேன். நைனா என்னை அழைத்துக்கொண்டு ஆபீசுக்கு ஆபீஸ் நடந்தார். அர்ஜி தெலுங்கில் இருந்தால் சுருக்க நடக்கும் என்றார்கள். எழுதிக் கொடுப்பவரைப் பிடித்து எழுதினோம். "தமிழ்ல கையெழுத்து போடலாமான்னு கேட்டேன்" என்றார் நைனா. "தாராளமா போட்டுக்கோன்றான். படிக்கத்தான் ஆளில்லியாம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அத்தாட்சி கையில் கிடைத்ததும் திருப்பதிக்குப் போனேன்.

கார்டு மாமா வாசல்வரை வந்து வரவேற்றார். பழைய பேச்சை அவர் எடுக்கவேயில்லை. பகல் சாப்பாட்டுக்குக் கோபால் ஆபீசிலிருந்து வந்தார். கையில் பொன்முலாம் கடிகாரம். மூலைகளில் பித்தளை நான் சொன்னபடியே பல்லிளித்துக்கொண்டிருந்தது. முள் மூன்று ஐம்பதில் நின்றிருந்தது. அப்போது மணி ஒன்று.

"ஓடலியா மாப்ள?"

"அது நின்னு ஒண்ணர வருசம் ஆவுது மச்சான்" என்றார் சாதாரணமாக. "ஆபீசுல பெரிய கடியாரம் கீதே." நேரமாகிறதென்று அவர் மட்டும் முதலில் சாப்பிட்டுவிட்டு, அதைக் கையில் கட்டியபடியே கிளம்பிப் போனார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. மறைப்பானேன், வந்தது. சமையலறைப் பக்கம் போனேன். தேசம்மா அவர் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். "அப்பவே நான் சொன்னேன், பாத்தியா?" என்றேன். "அந்த எஃகு வாட்சு இருந்திருந்தா இன்னிக்கும் ஓடும்."

"ஓடும்ணா" என்றாள். "இது ஓடினா இன்னா, நின்னா இன்னா. இது அவரு கையில ஏறினப்புறம்தான் என்ன இந்த வூட்டுக்கு இட்டுக்கினு வந்தாங்க."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. கோபமாக இருந்திருக்கலாம்.

"மாமாக்கு எழுதினியே, நாலு பக்கம். அவருக்கு அப்ப கண்ணுல பூ வுழுந்து ஆப்ரேசன் ஆயிருந்திச்சி. யாராண்டயும் குடுத்துப் படிக்கல, அப்பிடியே பெட்டில வச்சிருந்தாரு. மாசில நான் வந்தேன் பாரு, வந்த மறுநாளு என்னத்தான் படிக்கச் சொன்னாரு. எதிர உக்காந்துக்கினு கேட்டாரு."

"நீயா படிச்ச?"

"நாந்தான். சத்தமா படிச்சேன். எட்டு மாசம் அம்மா வூட்ல கெடந்தேனே, அத்தப் பத்தி எங்கண்ணன் கேட்டிருப்பாருன்னு நெனச்சேன். ஒவ்வொரு பக்கமா திருப்பறப்ப, இதுல வரும், இதுல வரும்னு பாத்துக்கினே வந்தேண்ணா."

"எது?"

"எம்பேரு."

அவள் எனக்குச் சோறு எடுத்து வைக்கப் போய்விட்டாள். நான் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது.

பினாங்குக்குத் திரும்பியதும் அந்தக் கடிதத்தின் கார்பன் பிரதியைத் தேடி எடுத்தேன். குமாஸ்தா புத்தி, எதற்கும் பிரதி வைப்பேன். பார்வதி எதிரில் உட்கார்ந்திருக்க முழுவதும் வாசித்தேன். அந்தச் சீன ரிப்பேர்காரரின் பெயர்கூட இரண்டு இடத்தில் இருந்தது. தேசம்மா என்று எங்குமில்லை. என் தங்கை என்று இல்லை. தங்கள் மருமகள் என்றுகூட இல்லை.